சொட்டுநீர் போட்டும் போர்வெல் வற்றுகிறதே, பாலைவன நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

தோப்புக்காரன் (வடகரப்பதி), சனி இரவு 9.12

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், வேலந்தாவளம் செக்போஸ்ட்டிலிருந்து கேரளப் பக்கம் உள்ளே தள்ளி எனக்கு மூன்றரை ஏக்கர். தென்னை, ஊடுபயிராக நிலக்கடலையோ தக்காளியோ. கேரளா என்றதும் மழை கொட்டும் என்று நினைக்கிற உறவுக்காரர்கள் எனக்கு நிறைய. மாநிலச் சராசரி 3000 மில்லிமீட்டரை ஒட்டி. எங்கள் பக்கம் அதில் பாதி கிடைத்தால் அந்த வருஷம் கோயிலில் பொங்கல் வைப்போம். 1300-உம் தேறாத வருஷங்கள் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன் மானியத்தில் சொட்டுநீர் போட்டேன். வட்டப்பாத்தி கட்டித் தண்ணீர் விட்டபோது மோட்டார் எட்டு மணி நேரம் ஓடும். லேட்டரல் (சொட்டுநீர்க் கிளைக்குழாய்) இழுத்த பிறகு நான்கு மணி நேரமே போதும் என்றானது. முதல் இரண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் 480 அடி போர் காற்று வாங்க ஆரம்பித்தது. அலைந்து அனுமதி வாங்கி, போன மாசியில் 720 அடிக்குப் புதுப் போர். இப்போது அதுவும் விட்டு விட்டுத்தான் எடுக்கிறது.

மறைக்க என்ன இருக்கிறது, மிச்சமான தண்ணீரில் கோடையில் ஒரு ஏக்கர் தக்காளி கூடுதலாக வைத்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து வாழை போட்டார். அவருடையதும் சொட்டுநீர்தான்.

மழையே இல்லாத நாடுகளில் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்பது எனக்கு வேண்டாம். இருக்கிற தண்ணீருக்குள் எப்படி அடங்கி வாழ்கிறார்கள்? அதைச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தவர்தானே.

எல்லைக்கல் (க.க.சாவடி), சனி இரவு 9.30

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறான். நமக்குக் கடலும் இல்லை, காசும் இல்லை. முடிந்தது கதை.

குவைத் ஷிப்டுக்காரன், சனி இரவு 11.48

எல்லைக்கல் அண்ணா, நான் அந்தக் கடல் தண்ணீரில்தான் குளிக்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள். குவைத்தில் ஆறே கிடையாது. எண்ணெய்க்கு முன்பு ஈராக்கின் ஷத் அல் அராப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகில் தண்ணீர் ஏற்றி வந்து விற்றார்கள். 1953-இல் முதல் பெரிய கடல்நீர் ஆலை. அதற்குப் பிறகு ஊர் வளர்ந்தது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

ஆனால் தோப்புக்காரர் கேட்பது சிக்கனம். அதற்கு குவைத்திடம் படிக்க ஒன்றுமில்லை. இங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டரை ஒட்டிச் செலவு. எங்கள் கட்டடத்தில் தண்ணீருக்குத் தனிப் பில்லே கிடையாது, வாடகைக்குள் அடக்கம். காலை ஐந்து மணிக்குக் கீழே இறங்கினால் ஹோஸ் பிடித்து வரிசையாகக் கார் கழுவிக்கொண்டிருப்பார்கள். வெளியே ஒரு சொட்டு மழை இருக்காது, தெரு முழுக்க ஈரம்.

செலவும் பாருங்கள். இன்றைய சவ்வூடு முறையில் ஆயிரம் லிட்டர் கடல்நீரை நல்லதாக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம். உங்கள் தென்னைக்கு கோடையில் மரத்துக்கு 80 லிட்டர், ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் நாளைக்கு 5600 லிட்டர். கிட்டத்தட்ட 20 யூனிட். ஒரு ஏக்கருக்கு, ஒரு நாளைக்கு. கடலிலிருந்து பாலக்காட்டுக்கு மேடேற்றுகிற செலவு தனி. தேங்காய் விற்கிற விலைக்கு உருப்படுமா?

அபுதாபியில் இருக்கும் என் மச்சான் சொன்னது வேறு. 2015 சனவரி வரைக்கும் அங்கே உள்நாட்டுக் குடிமக்களுக்குத் தண்ணீர் இலவசம். அந்த மாதத்திலிருந்து அவர்களுக்கும் கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு ஏற்றம். பில்லிலேயே பச்சைப் பட்டை, சிவப்புப் பட்டை. அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் அந்த மிச்சத்துக்கு மட்டும் சிவப்பு விலை. அவன் வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்து ஒழுகியது மூன்று வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. பில் சிவப்பான வாரமே ஆளைக் கூட்டி வந்து மாற்றிவிட்டான்.

எல்லைக்கல், ஞாயிறு காலை 6.55

தம்பி சொல்வது சரி. ஆனால் மனிதன் நினைத்தால் முடியாதது இல்லை. சவூதிக்காரன் மணலில் கோதுமை விளைவித்து உலகத்துக்கே விற்றான். மையத்தில் ஒரு போர், அதைச் சுற்றி வட்டமாகச் சுற்றும் பைப். வானத்திலிருந்து பார்த்தால் பச்சைத் தோசை தோசையாகத் தெரியும்.

குவைத் ஷிப்டுக்காரன், ஞாயிறு காலை 8.20

விளைவித்தான் அண்ணா. 1990-களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 40 லட்சம் டன் வரை போனது, ஏற்றுமதியும் செய்தார்கள். உலக விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து அரசே கொள்முதல் செய்தது. தண்ணீர் எங்கிருந்து? ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் பெய்த மழை பாறைக்குள் தேங்கியது. திரும்ப ஊறாது. எடுத்தால் எடுத்ததுதான்.

2008-இல் அரசே கையைத் தூக்கிவிட்டது. கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016-இல் நிறுத்தினார்கள். இதில் ஒரு கூத்து உண்டு. கோதுமையை விட்டவர்களில் நிறையப் பேர் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் போட்டார்கள். அது கோதுமையைவிட அதிகமாகக் குடிக்கும். கடைசியில் பசுந்தீவனத்துக்கும் தடை போட வேண்டியதாயிற்று. ஒரு பயிரை மட்டும் மூடினால் தண்ணீர் அடுத்த பயிருக்குப் போகும், அவ்வளவே.

டோனி ஆலன் என்று லண்டனில் ஒரு பேராசிரியர் இருந்தார். 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு வாங்கியவர். மேற்காசிய நாடுகள் தண்ணீருக்காகச் சண்டை போடாமல் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று தேடியபோது அவருக்குக் கிடைத்த பதில் தானிய மூட்டைதான். ஒரு கிலோ கோதுமைக்கு உலகச் சராசரியில் 1800 லிட்டரை ஒட்டித் தண்ணீர். மூட்டையை இறக்குமதி செய்தால் அந்தத் தண்ணீரும் கூடவே வந்ததாகக் கணக்கு. மறைநீர் என்று தமிழில் சொல்கிறார்களே, அதுதான். மறுபக்கம், நாம் சந்தைக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டித் தக்காளியிலும் நம் போர் கொஞ்சம் ஏறிப் போகிறது.

பழைய மஸ்கட் (கொழிஞ்சாம்பாறை), ஞாயிறு மதியம் 2.05

இந்த இழையைப் பார்த்ததும் மதியத் தூக்கம் போய்விட்டது. ஓமானில் இருபத்திரண்டு வருஷம் தோட்ட வேலை பார்த்தவன். முதல் ஒன்பது வருஷம் நிஸ்வாப் பக்கம் மலையடிவாரம், மிச்சம் பாத்தினாக் கடற்கரை. ஒரே நாட்டில் இரண்டு விதமான முடிவையும் பார்த்துவிட்டேன்.

மலைப் பக்கம் ஃபலஜ் என்று ஒன்று. மலையடியில் தாய்க்கிணறு. அங்கிருந்து மண்ணுக்கடியில் மெல்லிய சரிவில் சுரங்கம் தோண்டி, மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானே நடந்து ஊருக்கு வரும். நாட்டில் ஏறக்குறைய மூவாயிரம் இன்னும் ஓடுகின்றன. அதில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. நிஸ்வாவின் தாரிஸ் அதில் ஒன்று.

ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் குடிதண்ணீர்த் துறை. அந்த இடத்துக்கு மேலே யாரும் கை கூட நனைக்க மாட்டார்கள். பிறகு பள்ளிவாசல், குளிக்குமிடம். அப்புறம் பேரீச்சந்தோப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில், கீழே, திறந்த வயல். கோதுமை, வெங்காயம், தீவனம் எல்லாம் அங்கேதான். மழை குறைந்த வருஷம் அந்தக் கடைசி வயலைச் சும்மா போட்டுவிடுவார்கள். யாரும் கூட்டம் போட்டு அழுவதில்லை. எது முதலில் காயும் என்று நிலம் பிரிக்கும்போதே முடிவு செய்தாகிவிட்டது. பேரீச்சை செத்தால் திரும்ப வளர்க்க ஒரு தலைமுறை வேண்டும், வெங்காயம் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம்.

பங்கு நேரத்தில்தான், லிட்டரில் இல்லை. ஒரு அதர் என்றால் அரை மணி நேரம். பகலில் கம்பு நட்டு நிழல் பார்ப்பார்கள், இரவில் நட்சத்திரம். நான் போனபோது பெரியவர்கள் அதைப் பார்த்தே நேரம் சொன்னார்கள், பையன்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் வாய்க்கால் கரையில் நல்ல வேடிக்கை. முறையைப் பார்க்கும் ஆளுக்கு வக்கீல் என்று பெயர். நம் ஊர் வக்கீல் மாதிரி கறுப்புக் கோட்டு இல்லை, மண்வெட்டிதான். சில பங்குகள் யாருக்கும் சொந்தமில்லை, ஃபலஜுக்கே சொந்தம். அதை ஏலம் விட்டு வந்த காசில் சுரங்கத்தைத் தூர் வாருவார்கள். தண்ணீர் குறைந்தால் யாருடைய அரை மணியும் குறையாது, எல்லோருடைய அரை மணியிலும் வருகிற தண்ணீர் குறையும்.

தாய்க்கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வேறு கிணறு வெட்டக் கூடாது. ஹரீம் என்பார்கள்.

பாத்தினா இதற்கு நேர் எதிர். அங்கே ஆளுக்கொரு கிணறு, 1970-களுக்குப் பிறகு ஆளுக்கொரு பம்பு. யாருக்கும் முறை இல்லை. எடுக்க எடுக்கக் கடல் உள்ளே வந்தது. நான் வேலை பார்த்த தோட்டத்தில் எலுமிச்சை முதலில் போயிற்று, அப்புறம் மா. நான் கிளம்பும்போது பேரீச்சையின் குருத்தும் பழுத்துக்கொண்டிருந்தது. வாளியில் மொண்ட தண்ணீரை முதலாளி நாக்கில் தொட்டுவிட்டுத் துப்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கேயும் சொட்டுநீர் இருந்தது தோப்புக்காரரே. ஜெர்மன் பில்டர் எல்லாம் வைத்திருந்தார்.

கன்னிமாரி, ஞாயிறு மாலை 4.40

அண்ணா எழுதியதில் எனக்குப் பிடித்தது குடிதண்ணீர்த் துறை முதலில் என்றது. இங்கே எல்லாரும் ஏக்கர் கணக்குப் பேசுகிறீர்கள். நான் குடக் கணக்குப் பேசுகிறேன்.

2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அணை வற்றியபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கட்டளை போட்டார்கள். உலகமே ஐயோ பாவம் என்றது. 50 லிட்டர் என்றால் மூன்று குடமும் ஒரு சொம்பும். கோடையில் எங்கள் லைனில் டேங்கர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும்போது வீட்டுக்கு ஆறு குடம். வீட்டில் நான்கு பேர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐயோ பாவம் சொல்ல ஆளில்லை.

அதனால் சிக்கனம் என்று பேசும்போது யாருடைய சிக்கனம் என்று முதலில் சொல்லுங்கள். பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்துதான். 2000-இல் குளிர்பான ஆலை வந்து நிலத்தடி நீரை உறிஞ்சியது, 2004-இல் மூடியது; இடையில் பெண்கள் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து கேட்டது இந்த ஒரே கேள்விதான், நிலத்துக்கடியில் இருப்பது யார் தண்ணீர்?

எல்லைக்கல், ஞாயிறு மாலை 6.10

அக்கா சொல்வது நியாயம். ஆனால் மஸ்கட் அண்ணா சொன்ன ஃபலஜ் ஒரே வாய்க்கால். அதில் முறை வைக்கலாம். போர் அப்படியா? என் நிலம், என் கடன், என் போர். ஆறு லட்சம் போட்டு இறக்கியிருக்கிறேன். அதற்கு மேல் எவன் வந்து மீட்டர் மாட்டுவான்?

கன்னிமாரி, ஞாயிறு மாலை 6.18

மின்சாரம் யார் காசு அண்ணா?

எல்லைக்கல், ஞாயிறு மாலை 6.31

தெரியும், இதற்குத்தான் வருவீர்கள் என்று. ஆமாம், எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பம்பு செட்டுக்குக் கரண்டு இலவசம். அதை நிறுத்தினால் முதலில் சாகிறவன் ஒரு ஏக்கர்க்காரன். பத்து ஏக்கர்க்காரன் சோலார் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

குப்பத்து வாத்தியார், ஞாயிறு இரவு 9.50

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆந்திரத்தில், குப்பத்தில் இருக்கிறேன். இங்கே வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேரும். பயிர்க்கடனும் போர்க்கடனும் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

எல்லைக்கல் சொன்னதில் ஒரு பாதி உண்மை. விலையை ஏற்றினால் சின்னவன்தான் முதலில் விழுவான். மறுபாதியை ஏற்க மாட்டேன். என் நிலம், என் போர் என்பதை முதலில் விட்டது பாலைவனக்காரர்கள்தான். இஸ்ரேல் 1959-இல் சட்டம் போட்டது: ஆறு, ஏரி, நிலத்தடி, சாக்கடை உட்பட எல்லாத் தண்ணீரும் பொதுச்சொத்து. நிலம் உன்னுடையது, அடியில் உள்ள தண்ணீர் உன்னுடையது இல்லை. விவசாயிக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு, மீட்டர் வைத்து. ஹட்செரிம் என்ற ஊரில் சொட்டுநீர்க் குழாய்த் தொழில் தொடங்கியது 1965-இல். வரிசையைக் கவனியுங்கள். சட்டம் முதலில், சொட்டுநீர் அடுத்து. நாம் குழாயை மட்டும் வாங்கி வந்தோம், அதற்கு முன்னால் இருந்த ஆறு வருஷத்தை விட்டுவிட்டோம்.

வறட்சி வந்த ஒவ்வொரு முறையும் விவசாயத்துக்குக் கொடுத்த நல்ல தண்ணீரை வெட்டினார்கள். இன்றைக்கு 1980-களில் கொடுத்ததில் பாதி கூட இல்லை. ஈடாக நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், கிட்டத்தட்ட 90 விழுக்காடு திரும்ப வயலுக்குப் போகிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் இன்னும் ஒரு படி மேலே. 1968-இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிதண்ணீரிலேயே கலக்கிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம், அவர்களுக்கு அருகில் வற்றாத ஆறு இல்லை.

வரம்பு இல்லாமல் குழாய் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு மொராக்கோ இருக்கிறது. 2008-இல் பசுமைத் திட்டம் என்று தொடங்கி, சொட்டுநீருக்கு 80 முதல் 100 விழுக்காடு மானியம் கொடுத்தார்கள். பழத்தோட்டம் விரிந்தது, நிலத்தடி மட்டம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2017-இல் பல நாட்டு அனுபவங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து இதையே சொன்னது. பாத்தியில் விட்டபோது வீணானது என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொட்டுநீர் அதையும் வேருக்கே கொடுத்துவிடுகிறது. மிச்சம் என்று மோட்டார் காட்டுவதைப் புதுப் பயிருக்கு விட்டால் நிலத்தடிக்கு இரட்டை அடி.

எங்கள் குப்பமே இந்தப் பாடத்தைப் பார்த்த ஊர்தான். 1990-களின் பிற்பாதியில் இஸ்ரேலிய முறையில் செயல்விளக்கப் பண்ணை என்று சின்ன நிலங்களையெல்லாம் சேர்த்துக் குழாய் பதித்தார்கள். அரசியல்வாதிகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துப் போனார்கள். ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

தோப்புக்காரன், ஞாயிறு இரவு 10.15

வாத்தியார் ஐயா, அப்படியானால் நான் போட்ட சொட்டுநீர் தப்பா?

குப்பத்து வாத்தியார், திங்கள் காலை 5.40

தப்பில்லை தம்பி. கணக்கு இல்லாமல் போட்டதுதான் தப்பு. உங்கள் மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்று சொல்லுங்கள், கணக்குப் போடுவோம்.

தோப்புக்காரன், திங்கள் காலை 7.02

200 லிட்டர் டிரம் வைத்துப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் நிறைகிறது. கோடையில் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறேன். வருஷத்தில் 200 நாள் ஓடும் என்று வையுங்கள்.

குப்பத்து வாத்தியார், திங்கள் இரவு 8.30

பள்ளி விட்டு வந்து உட்கார்ந்தேன். கரும்பலகை இல்லாததுதான் குறை.

நிமிடத்துக்கு 100 லிட்டர், மணிக்கு 6000, ஐந்து மணிக்கு 30,000 லிட்டர். தென்னை 245 மரம், மரத்துக்கு 80 வீதம் 19,600. மிச்சம் 10,400. கோடையில் தக்காளிக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு ஏக்கருக்கு 16,000 லிட்டருக்கு மேல். அதாவது 5,800 உதைக்கிறது. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் மோட்டார் ஐந்து மணியில் நின்றிருக்காது, ஆறு மணி ஓடியிருக்கும்.

இது செலவு. வரவைப் பாருங்கள். 1300 மில்லிமீட்டர் மழை மூன்றரை ஏக்கரில் விழுந்தால் 1 கோடியே 84 லட்சம் லிட்டர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் அடியில் கருங்கல். தண்ணீர் நிற்பது மேலே உளுத்துப்போன பாறையிலும் அடியில் பாறை வெடிப்பிலும்தான். பெய்ததில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் அதுவே தாராளம். 18 லட்சம் லிட்டர். நீங்கள் எடுப்பது 30,000 பெருக்கல் 200, ஆக 60 லட்சம்.

உங்கள் நிலத்தில் விழுந்தது 18. எடுப்பது 60. நடுவில் இருக்கும் 42 லட்சம் யார் நிலத்தில் விழுந்த மழை? கொஞ்சம் கால்வாய்க் கசிவு இருக்கும், ஏரி இருக்கும். மிச்சமெல்லாம் போர் போடக் காசில்லாதவன் காட்டில் விழுந்தது.

எல்லைக்கல், திங்கள் இரவு 9.05

இந்தக் கணக்கைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள் வாத்தியாரே. என்னுடையது 75 வருகிறது.

பழைய மஸ்கட், திங்கள் இரவு 9.40

கன்னிமாரி அம்மிணி கேட்ட கேள்விக்குப் பதில் கணக்காக வந்துவிட்டது.

நிர்வாகி, செவ்வாய் காலை 8.00

போர் போடும் ஆட்களின் பெயர், போன் நம்பர் எல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நீரோட்டம் பார்க்கும் தேங்காய் வித்தைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

எல்லைக்கல், செவ்வாய் மதியம் 1.15

சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். முறை என்பது நமக்குப் புதிதில்லைதான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்தில் மொத்த ஆயக்கட்டையும் நான்கு மண்டலமாகப் பிரித்து மாறி மாறித்தான் விடுகிறார்கள். இந்த வருஷம் நம் மண்டலத்துக்கு இல்லை என்றால் இல்லைதான், முணுமுணுத்துக்கொண்டே மானாவாரி போடுகிறோம். மாநிலத்துக்கு மாநிலமும் அப்படியே. 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். அதில் ஒரு சொட்டுக் குறைந்தால் உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் சாலையை மறிப்பீர்கள்.

மேலே ஓடும் தண்ணீருக்குச் சொட்டு வரைக்கும் கணக்கு. கீழே இருப்பதற்கு ஒன்றும் இல்லை. அதிலும் கூத்து பாருங்கள், சித்தூர் வட்டாரத்தில் போர் போட 2002-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வேண்டும். எங்கள் பக்கம் 2003-இல் ஒரு சட்டம் போட்டு, நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம், இந்தப் பக்கம் அது இல்லை. பாறை வெடிப்புக்கு செக்போஸ்ட் தெரியுமா?

ஆனால் நிஜமாகக் கேட்கிறேன். சட்டமும் இல்லை, வக்கீலும் இல்லை. எட்டுப் போர்க்காரன் எட்டுக் கட்சி. யார் யாரைக் கட்டுப்படுத்துவது?

குப்பத்து வாத்தியார், செவ்வாய் இரவு 9.20

யாரும் யாரையும் கட்டுப்படுத்தாமலே நடந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். 2000-களில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவன உதவியோடு ஆந்திரத்தில் ஒரு திட்டம். சித்தூர், அனந்தபூர், கடப்பா உள்பட ஏழு வறட்சி மாவட்டங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள். விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிப்பது என்று பெயர். மானியம் கிடையாது, குழாய் கிடையாது, தடையும் கிடையாது. மழைமானி ஒன்றும், கிணற்று மட்டம் அளக்கும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊர்க்காரர்களே அளந்து சுவரில் எழுத வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் கூட்டம். இந்த வருஷம் இவ்வளவு ஊறியது. நீங்கள் போட நினைக்கும் பயிர்களுக்கு இவ்வளவு வேண்டும். இவ்வளவு உதைக்கிறது. அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. யாரும் நெல் போடாதே என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு 48 லட்சம் லிட்டர், நிலக்கடலைக்கு 20 லட்சம் என்று சுவரில் பெரிய எழுத்தில் இருக்கும்போது, நெல் போடுகிறவன் டீக்கடையில் நான்கு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நிறையப் பேர் தானாகவே மாற்றிக்கொண்டார்கள். எல்லா ஊரிலும் நடக்கவில்லை, திட்டம் முடிந்த பிறகு பல இடத்தில் அளப்பதும் நின்றது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கன்னிமாரி, செவ்வாய் இரவு 10.02

சுவரில் எழுதும்போது குடிதண்ணீரை முதல் வரியில் எழுதுங்கள். ஜோர்டானில் ஆளுக்கு வருஷத்துக்கு 100 கன மீட்டர் கூட இல்லை. தலைநகர் அம்மானிலேயே குழாயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர், அதை மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். பெரிய தொட்டி வைக்க முடிந்தவனுக்கு வாரம் ஓடும், சின்னத் தொட்டிக்காரன் மூன்றாம் நாள் லாரிக்குப் போன் போடுவான். பங்கு ஒன்றே என்றாலும் தொட்டி ஒன்றாக இருக்காது. அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தோப்புக்காரன், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 10.30

இழையை மேலே கொண்டுவருகிறேன்.

எங்கள் வாய்க்கால் ஓரத்தில் எட்டுப் போர். ஒவ்வொரு வீடாகப் போனேன். இரண்டு பேர் கதவைத் திறந்ததுமே வருமான வரிக்காரனைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள். ஒருவர், அளந்தால் கண்ணு பட்டுவிடும் என்றார். ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள், அதில் வாழைக்காரரும் ஒருவர். அவருக்கு அவரை அறியாமலே என் மேல் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, நான்தான் அவர் தண்ணீரை இழுக்கிறேன் என்று. எனக்கு அவர் மேல் அதே சந்தேகம்.

அளந்த பிறகு தெரிந்தது, என்னுடையது நின்றிருந்தால் அவருடைய மட்டம் ஏறுகிறது. அவர் ஓட்டினால் என்னுடையது இறங்குகிறது. ஒரே வெடிப்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போதைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பேசியிருக்கிறோம். கோடைத் தக்காளியை அரை ஏக்கருக்கு இறக்கிவிட்டேன். தென்னைக்கு மட்டையும் தென்னைநார்க் கழிவும் போட்டு மூடாக்கு. வீட்டில் கொஞ்சம் முறைப்பு இருக்கிறது, தக்காளிக் காசு அவளுடைய சீட்டுக்குப் போவது. வாழைக்காரர் வாழையை எடுக்கவில்லை. இந்தக் குலை வெட்டிய பிறகு யோசிக்கலாம் என்கிறார். மறுதாம்பு (அதே கிழங்கிலிருந்து அடுத்த கன்று) விடுவார் என்றுதான் தோன்றுகிறது.

கன்னிமாரி அக்கா, முதல் வரியில் குடிதண்ணீர் எழுதியாயிற்று. லைன் வீடுகளுக்கு என் தொட்டியிலிருந்து காலை ஆறு முதல் ஏழு வரை குழாய் திறந்து விடுகிறோம்.

எல்லைக்கல், ஞாயிறு காலை 11.05

மோட்டார் இறங்கியிருக்கும்போது மட்டத்தை எப்படி அளந்தாய்? நான் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டேன், 90 அடியில் கேபிளில் மாட்டிக்கொண்டது. இன்னும் வரவில்லை.

தோப்புக்காரன், ஞாயிறு காலை 11.20

ஐயோ, கயிறு விடாதீர்கள் அண்ணா. மோட்டாரை அடுத்து ஏற்றும்போது பைப்போடு சேர்த்து அரை இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை இறக்கிக் கட்டிவிடுங்கள். அதற்குள் இரண்டு கம்பி ஒயரை விட்டு, மேலே மல்டிமீட்டரைத் தடை (ஓம்) அளக்கும்படி வைத்தால் தண்ணீரைத் தொட்டதும் எண் சட்டென்று மாறும். ஒயரில் பத்தடிக்கு ஒரு முடிச்சு. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும், நிறுத்தின உடனே அளந்தால் பொய் சொல்லும்.

எல்லைக்கல், ஞாயிறு காலை 11.26

ஒயர் உன்னிடம் இருக்கிறதா? செக்போஸ்ட் டீக்கடையில் கொடுத்து வை, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன்.